கதையில் படுத்திருந்த மாடு

நம் சங்கத்து மலருக்கு அனுபவக் கட்டுரை வேண்டும் என்று நீங்கள் ஃபோன் செய்தபோது, கோமாரி பரவிய வருஷத்தைப் பற்றியோ, வெள்ளத்தில் மாடுகளை மேட்டுக்கு ஓட்டியதைப் பற்றியோ எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதையெல்லாம் மற்ற மூத்தவர்கள் என்னைவிட நன்றாக எழுதுவார்கள். வில்லியனூர், பாகூர் பக்கத்து மாட்டாஸ்பத்திரிகளில் கால்நடை உதவியாளனாகவே இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, இன்றுவரை பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. அதை எழுதுகிறேன். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களில் யாருக்காவது படித்த பிறகு தெளிவு பிறந்தால் எனக்கும் சொல்லி அனுப்புங்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு என் முதல் சிறுகதை ஒரு வார இதழின் பொங்கல் மலரில் வந்தது. முதல் என்று சொல்வதால் அடுத்தடுத்து வந்ததாக நினைக்க வேண்டாம். அதுதான் முதலும் இப்போதைக்குக் கடைசியும். இளவயதிலிருந்து எழுதி அனுப்பித் திரும்பி வந்தவை நிறைய. பிறகு அவை திரும்பி வருவதும் நின்று போயிற்று. எழுதுவதை மட்டும் நான் விடவில்லை. என் மனைவி இதை வயிற்று வலிபோல எனக்கு இருக்கும் ஒரு உபத்திரவமாக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

கதையின் பெயர் 'உப்புசம்'. ஐப்பசி மழையில் கோவிந்தன் என்ற விவசாயியின் பசுவுக்கு வயிறு உப்பிக்கொள்கிறது. பாலத்தின் மேல் தண்ணீர் போவதால் டாக்டர் வர முடியவில்லை. கோவிந்தன் மாட்டுக்கு நல்லெண்ணெய் ஊற்றுகிறான். கயிற்றைப் பிடித்துக் களத்தைச் சுற்றிச் சுற்றி நடத்துகிறான். நடக்கும்போதே செத்துப்போன அப்பாவைப் பற்றி, தனிக்குடித்தனம் போன தம்பியைப் பற்றி அதனிடம் பேசுகிறான். மாடு படுத்துவிடுகிறது. மறுபடியும் எண்ணெய் ஊற்றுகிறான். பிறகு அதன் வயிற்றின் மேல் கை வைத்தபடி மழை விடும் மேற்குத் திசையைப் பார்க்கிறான். அவ்வளவுதான், கதை முடிந்தது.

மாடு பிழைத்ததா இல்லையா என்று நான் எழுதவில்லை. எழுதாததில் எனக்குப் பெருமை. இதழிலிருந்து ஒருவர் ஃபோன் செய்து, முடிவைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்களே, அதுதான் சார் கதை என்றார். அந்த வாக்கியத்தை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன் என்றே சொல்லலாம். மாடு என்ன ஆயிற்று என்று அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது.

மலர் வந்த அன்று வில்லியனூர் பஸ் ஸ்டாப் பக்கத்துக் கடையில் நின்றபடியே புரட்டினேன். என் பெயர் இருந்தது. பெயருக்குக் கீழே 'கால்நடை உதவியாளர், புதுச்சேரி' என்றும் இருந்தது. கதையோடு வைத்த கடிதத்தில் ஒரு மரியாதைக்காக நான் எழுதியிருந்ததை அப்படியே போட்டுவிட்டார்கள். படம் போட்டவர் கோவிந்தனுக்குத் தலைப்பாகை கட்டிவிட்டிருந்தார், மாட்டுக்கு நான் சொல்லாத திமிலும் வைத்திருந்தார். இத்தனை வருஷம் காத்திருந்த சந்தோஷம் இதோ வரப்போகிறது என்று நெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. கடைக்காரர், சார் புக்கு வேணுமா இல்ல பாத்துட்டு வெச்சிருவீங்களா என்றார். இருந்த எல்லாப் பிரதிகளையும் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போனால் வரும் என்று நினைத்தேன்.

வீட்டில் மனைவி முழுவதையும் படித்துவிட்டு, தம்பி தனிக்குடித்தனம் போனான் என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் தம்பி பார்த்தால் என்ன நினைப்பார் என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரர் எனக்குப் பதவி உயர்வு கிடைத்ததாக எண்ணிக் கை குலுக்கினார். ஆஸ்பத்திரியில் எங்கள் டாக்டர் மேடத்திடம் ஒரு பிரதி கொடுத்தேன். கடலூர்ப் பெண், என் மகள் வயது, என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தார். நான் ஊசிகளை எண்ணுவது போல அங்கேயே நின்றேன்.

"நல்லா இருக்குண்ணா. ஆனா படுத்திருக்கிற மாட்டுக்கு ஏன் எண்ணெய் ஊத்தறாரு?"

அது கதைதானே மேடம், அவனுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன தெரியும் என்றேன். சரிதான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினார். இலக்கியம் தெரியாத பெண் என்று மனதுக்குள் கொஞ்சம் கோபப்பட்டேன்.

ஆனால் மற்றவர்கள் அப்படி இல்லை. மாடு ஓட்டி வருகிறவர்களில் இரண்டு பேருக்கு ஒருவர் கதையைப் படித்திருந்தார், அல்லது பிறர் படிக்கக் கேட்டிருந்தார். எங்கள் ஆள் எழுதியது என்று பக்கத்து ஊரான ஏம்பலத்து டீக்கடையில் வைத்திருந்த பிரதி கை மாறி நைந்துவிட்டது. ஒருவர் என்னை நிறுத்தி, கோவிந்தன் ஊற்றியது செக்கு எண்ணெயா, கடை எண்ணெயா என்றார். இன்னொருவர், களத்தை இடப்பக்கமாகச் சுற்றினானா வலப்பக்கமாகவா என்றார். நான் பூரித்துப் போனேன். சென்னையில் இருக்கும் வாசகன்கூட இவ்வளவு நுணுக்கமாகப் படிக்க மாட்டான் என்று நினைத்தேன். செக்கு எண்ணெய்தான் என்றும் சொன்னேன். அவர்கள் கதையைக் கேட்கவில்லை, வைத்தியம் கேட்கிறார்கள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. இத்தனை வருஷம் இதே ஆட்களோடு பழகியும் உறைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நமக்கெல்லாம் எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். வருஷம் பூராவும் வைக்கோல் தின்ற மாட்டுக்கு ஒரே நாளில் ஊரே பொங்கல் ஊட்டும். கன்று போட்ட மாடென்றால் தெருவில் உள்ள ஒவ்வொரு வீடும் ஒரு பிடி கொண்டு வரும். அன்பு காட்டுகிற இடத்தில் போய் அளவு பேச யாராலும் முடியாது. மறுநாள் காலை நமக்கு ஃபோன் வரும். அந்த வருஷம் மேடம் பொங்கலுக்குக் கடலூர் போயிருந்தார். அவசரம் என்றால் கூப்பிடுங்கள், வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் வீட்டில் இருந்தேன். காணும் பொங்கலுக்கு வந்த உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மலரின் பிரதிகளை அவர்கள் கண்ணில் படும்படி வைத்திருந்தேன்.

அப்போது செல்வியின் ஃபோன் வந்தது. ஏம்பலத்துக்கு உள்ளே தள்ளி இருக்கிற வீடு. கணவன் சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை, பண்டிகை நாளிலும் போக வேண்டியிருந்தது. வீட்டில் அவளும், அவள் மாமா என்று கூப்பிடும் கணவனின் அண்ணனும். அந்தப் பசு எனக்குத் தெரியும். இரண்டு ஈற்றும் என் கையில்தான் நடந்தன. இப்போது பால் குடிக்கிற கன்று இருக்கிறது. தெருவே ஊட்டியது போதாதென்று, கயிற்றை அவிழ்த்துக்கொண்டு மீந்த பொங்கல் இருந்த அண்டாவிலும் வாயை வைத்துவிட்டதாம்.

"சார், உங்க கதைய பாத்துதான் ஒன்னொன்னா செஞ்சிகினு வரோம். எண்ணெ ஊத்திட்டு நடத்தினோம். இப்ப படுத்துகிச்சி. மாமா இன்னொருக்கா ஊத்தப் போறாரு. கதையில அதுக்கப்பறம் ஒன்னுமே போடல. அதுக்கு மேல இன்னா சார் பண்றது?"

என் கதையை ஒருத்தி வரி வரியாகப் பின்பற்றி, கடைசி வரியில் வந்து நின்றுகொண்டு, மேலே எங்கே போவது என்று கேட்கிறாள். வாசகர் மனதில் கதை தொடரட்டும் என்று நான் விட்ட இடத்தில், மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு உண்மையான மாடு கிடக்கிறது. தலையை எங்கே வைத்திருக்கிறது என்று கேட்டேன். கழுத்தை நீட்டித் தரையில் போட்டிருக்கிறது என்றாள்.

அந்த நிலையில் வாயில் எதை ஊற்றினாலும் பாதி நுரையீரலுக்குப் போகும். வயிற்று உப்புசத்திலிருந்து காப்பாற்றினாலும் மூச்சடைத்துச் செத்துப்போகும். எண்ணெயும் வேண்டாம், எதுவும் ஊற்ற வேண்டாம் என்று கத்தினேன். உறவினர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஃபோனைக் கணவனின் அண்ணன் வாங்கிக்கொண்டார்.

"யாருப்பா நீ, ஊத்த வேணாம்ன்றது? புக்குலயே போட்டுருக்குது. மாட்டாஸ்பத்திரி ஆளே எழுதி இருக்கறாரு."

"அது நான்தான்யா. நான்தான் எழுதினேன். அது கதை, நெஜமில்ல."

அந்தப் பக்கம் மாட்டின் மூச்சு மட்டும் எனக்குக் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன்.

"நெஜமில்லன்னா எதுக்கு எழுதின?"

முப்பது வருஷமாக எழுதுகிறவன் நான். இதை அதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. இன்றைக்கும் அதையே என்னிடம் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்த மனிதரின் குரலில் இருந்த ஒன்று எனக்குப் புரிந்தது. அவர் பயந்துபோயிருக்கிறார். பயந்தவர் கையில் பிடிப்பதற்கு அந்தப் பக்கங்கள் மட்டும்தான் இருக்கின்றன. அதையும் பொய் என்று நான் பிடுங்கிவிட்டால், அவர் என்னையும் நம்பப் போவதில்லை. ஃபோனை வைத்துவிட்டுத் தன் மனதுக்குத் தோன்றியபடி எண்ணெயை ஊற்றிவிடுவார். நான் ஸ்கூட்டரில் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது என்று சொல்லலாம். ஆனால் நான் யோசித்து எடுத்த முடிவு என்று சொன்னால் அது பொய். வாயிலிருந்து தானாக வந்தது.

"கதையில இன்னொரு பாரா இருந்திச்சி. எடம் பத்தலன்னு எடுத்துட்டாங்க. முக்கியமானதே அதுலதான் இருந்திச்சி."

"எடுத்துட்டாங்களா?"

"எடுத்துட்டாங்க. சொல்றேன் கேளுங்க."

ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். சொல்லத் தொடங்கினேன். கோவிந்தன் இரண்டாவது தடவை ஊற்றப் பாட்டிலை எடுக்கிறான். மாட்டின் கண்ணைப் பார்க்கிறான். ஊற்றவில்லை. பாட்டிலைத் தூக்கி வைக்கோல் போர் மேல் எறிந்துவிடுகிறான் என்றேன். எறிஞ்சிட்டானா என்றார் அவர். எறிந்துவிட்டான் என்றேன். எங்கோ பாட்டில் விழுகிற சத்தம் கேட்டது.

பிறகு கோவிந்தனும் அவன் பெண்டாட்டியும் வைக்கோல் கட்டுகளை முட்டுக் கொடுத்து மாட்டை நெஞ்சு மேல் நிமிர்த்தி உட்கார வைக்கிறார்கள். கதையில் கோவிந்தனுக்குப் பெண்டாட்டியே கிடையாது. செல்விக்கு வேலை கொடுப்பதற்காக ஃபோனிலேயே கல்யாணம் செய்துவைத்தேன். பெண்டாட்டி தலையைத் தன் மடியில் தூக்கிப் பிடிக்கிறாள், கீழே விடவே மாட்டேன் என்கிறாள். கோவிந்தன் ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைக்கிறான். எவ்வளவு என்று கேட்டார்கள், சொன்னேன். கடைவாய் ஓரமாகக் கொஞ்சம் விடுகிறான். மாடு விழுங்கும் வரை பொறுக்கிறான். இருமினால் நிறுத்திவிடுகிறான். அவனுக்கு அவசரமே இல்லை என்றேன்.

"முழுங்குது சார்."

"பொறுங்க. கோவிந்தன் பொறுக்கறான்."

உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. கடையில் நின்று பார்த்தபோது வராத சந்தோஷம் எனக்கு அப்போதுதான் வந்தது. ஒரு சொல்லைக்கூடத் தவறவிடாமல் இரண்டு பேர் என் கதையைக் கேட்கிறார்கள். அடுத்து என்ன, அடுத்து என்ன என்று அவர்கள் மூச்சு நிற்கிறது. நெஞ்சு விம்மிற்று. அந்தப் பக்கம் ஒரு மாடு சாகக் கிடக்கும்போது இந்தப் பக்கம் எனக்கு இப்படி இனிக்கிறதே, நான் என்ன மனுஷன் என்றும் அதே நேரத்தில் தோன்றியது. இரண்டும் சேர்ந்து வந்தன. பிரித்துப் பார்க்க இப்போதும் முயன்று பார்க்கிறேன், முடியவில்லை.

தலையை இறக்காமல் அப்படியே வைத்திருங்கள், வருகிறேன் என்று சொல்லிவிட்டு மேடத்தைக் கூப்பிட்டேன். அவர்களுக்குச் சொன்ன வைத்தியத்தைச் சொன்னேன், கோவிந்தனை மட்டும் விட்டுவிட்டேன். அவர் உடனே கிளம்பிவிட்டார். நான் போனபோது வாசலில் மஞ்சளும் சாணமும் இன்னும் ஈரமாக இருந்தன. கொம்பில் புதுச் சாயத்தோடு மாடு வைக்கோல் கட்டுகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. செல்வி தலையை மடியில் பிடித்தபடி கால் மரத்துப்போய் அசையாமல் இருந்தாள். பண்டிகைக்குக் கட்டிய புதுப்புடவை முழுக்க எச்சில். கொஞ்ச நேரத்தில் மேடமும் வந்து சேர்ந்தார். அதன் பிறகு நடந்த வைத்தியம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விவரிக்க வேண்டியதில்லை. சாயங்காலம் மாடு எழுந்து நின்றது. கன்றைப் பார்த்துக் குரல் கொடுத்தது. செல்வி தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

கணவனின் அண்ணன் மேடத்திடம் நடந்ததையெல்லாம் விளக்கினார். பத்திரிகைக்காரர்கள் பாராவை எடுத்துவிட்ட அநியாயத்தைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். ஒரு உயிர் சம்பந்தப்பட்டது, அதில் போய் இடம் பார்ப்பார்களா என்று கேட்டார். மேடம் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் செருப்பில் ஒட்டிய சாணத்தை வழித்துக்கொண்டிருந்தேன். காரில் ஏறும்போதுதான் கேட்டார்.

"கட் பண்ணிட்டாங்களாண்ணா?"

நான் மருந்துப் பெட்டியைக் காரின் பின்சீட்டில் வைத்தேன்.

"அந்த பாராதான் நல்லா இருந்துச்சு."

கிண்டலா, நிஜமா என்று அவர் முகத்திலிருந்து தெரியவில்லை. முடிவைச் சொல்லாமல் விட்டதுதான் கதை என்று ஒருவர் சொன்னார். சொன்ன முடிவுதான் நல்லா இருந்தது என்று இன்னொருவர் சொல்கிறார். கதைக்குக் கிடைத்த உருப்படியான பாராட்டுகள் மொத்தம் இவை இரண்டுதான். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்ள வழி தெரியாமல் ஏம்பலத்திலிருந்து வீடு வரை ஸ்கூட்டர் ஓட்டினேன்.

மறுநாள் காலை மாட்டைப் பார்க்கப் போனேன். நன்றாக அசை போட்டுக்கொண்டிருந்தது. இது பிழைத்த மாடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். செல்வி எனக்குக் காபி கொடுத்துவிட்டு உள்ளேயிருந்து மலரைக் கொண்டு வந்தாள். கதை முடிகிற பக்கத்தை விரித்துத் தந்தாள். கடைசி வரிக்குக் கீழே கொஞ்சம் வெற்றிடம் இருந்தது. அங்கே அந்தப் பாராவை உங்கள் கையாலேயே எழுதிக்கொடுங்கள், நாளைக்கு வேறு யாராவது படித்தால் பாதியில் நிற்கக் கூடாது என்றாள். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. எழுதிக் கொடுத்தேன். நான் கட்டிக் காத்த முடிவின் மேல் நானே எழுதினேன். எழுதி முடித்து எழுந்தபோது அவள் கேட்டாள்.

"அதுக்கப்பறம் கோவிந்தன் மாடு பொழச்சிடுச்சா சார்?"

அவள் மாட்டைக் கட்டியிருந்த பக்கம் பார்த்தேன்.

"பொழச்சிடுச்சிம்மா."

இதிலிருந்து உங்களுக்கு என்ன பாடம் என்று கேட்பீர்கள். ஃபோனில் பதறுகிறவரிடம் நீ செய்தது தப்பு என்று வாதாட வேண்டாம். அவர் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரோ, அதையே பிடித்து அவரை இந்தப் பக்கம் கொண்டு வாருங்கள். இது வேலைக்கு உதவும், நான் உத்தரவாதம். முதலில் தலை எங்கே இருக்கிறது என்று கேளுங்கள், அதுவும் உதவும். கதை எழுதுகிறவர்கள் உங்களில் இருந்தால் பெயருக்குக் கீழே வேலையைப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்ல நினைத்தேன். அதுகூட சரியா என்று தெரியவில்லை. போடாமல் இருந்திருந்தால் என் கதையை யார் அப்படிப் படித்திருப்பார்கள்?

அன்று வீட்டுக்கு வந்து, கூடத்தில் இருந்த பிரதி ஒன்றை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். அதில் நான் எழுதிக் கொடுத்த பாரா இல்லை, எப்படி இருக்கும். மழை விடுகிறது, கோவிந்தன் மேற்கே பார்க்கிறான், மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது ஆஸ்பத்திரிச் சாவியை, தடுப்பூசி ஐஸ் பெட்டியை, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டேன். எந்த மாட்டையும் பார்க்காமல் விட்டுவந்த கணக்கு என்னிடம் இல்லை. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது மட்டும், தலையைத் தூக்கிப் பிடியுங்கள் என்று சொல்ல வாய் வருகிறது, அங்கே ஃபோன் எடுக்க யாரும் இல்லை.